குவெண்டா சொன்ன எண்

"ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லு. மூச்சு வாங்குறது, கால் கடுக்குறது, எல்லாம் சேர்த்து எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு," என்று கேட்டாள் பயிற்சியாளர் பெட்ரா.

அன்று செவ்வாய்க்கிழமை. மலைச் சரிவில் குவெண்டா டக்வெல் கால்களை அகட்டி நின்றிருந்தாள். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. இதயம் காதுக்குள் அடித்தது.

"நாலு," என்றாள்.

"நாலா?"

"நாலுதான்."

பெட்ரா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டாள். உடம்பு இளைக்க வருகிறவர்களுக்கான அந்த மலை விடுதியில் அவரவர் உடம்பைப் பற்றி அவரவர் சொல்வதுதான் கணக்கு. நாலு என்றால் சுமை போதவில்லை என்று அர்த்தம். குவெண்டாவின் முதுகுப்பையில் இன்னும் இரண்டு கிலோ மணல் ஏறியது.

அடுத்து நின்ற லூப்பே கேட்கும்முன்பே கத்தினாள். "பதினாலு!"

"பத்து வரைக்கும்தான், லூப்பே."

"அப்போ இன்னிக்குப் பத்து. மிச்ச நாலை நாளைக்கு வச்சுக்கோ."

லூப்பே டோங்கா தீவில் பிறந்து பிரிஸ்பேனில் வளர்ந்தவள். ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் பொறுப்பு. குவெண்டாவுக்கு அறைத்தோழியாக வாய்த்திருந்தாள். பத்து என்று சொல்லிவிட்டு அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றி, காலில் அட்டை கடித்திருக்கிறதா என்று பார்த்தாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு அடங்கியதும் எழுந்து, பாட்டு முணுமுணுத்தபடி மேலே நடந்தாள்.

குவெண்டாவுக்கு அது விளங்கவே இல்லை. வெட்கமில்லாமல் எப்படி ஒருத்தி பத்து என்று சொல்கிறாள்?

குவெண்டாவின் ஊரான வாரிங்கலில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "மோசமில்ல" என்பதுதான் பதில். டிராக்டரிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்த ஒருவர், தூக்க வந்த ஆம்புலன்ஸ்காரர்களிடம் "மோசமில்ல, நீங்க எப்படி?" என்று கேட்டதை ஊர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும். வலிக்கிறது என்று சொல்பவரை அங்கே யாரும் திட்டமாட்டார்கள். வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். மீதி நேரமெல்லாம் ஊரின் தொண்டர் தீயணைப்புப் படைக்கு. இருபத்திரண்டு கோடைகளாகத் தீ வண்டியில் ஏறி, தண்ணீர்க் குழாயின் முனையைப் பிடித்து நின்றவள். இந்த வருடம் புது விதி வந்திருந்தது. காட்டுத் தீக்கு நேர் எதிரே குழாய் பிடித்து நிற்க வேண்டுமென்றால் இருபது கிலோவைச் சுமந்துகொண்டு ஐந்து கிலோமீட்டரை முக்கால் மணி நேரத்தில் நடந்து காட்ட வேண்டும். தேர்வு ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை. ஜூன் மாதம் அவள் தனியாக நடந்து பார்த்தாள். மூன்றாவது கிலோமீட்டரில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உடம்பு அப்போது நூற்றுப் பன்னிரண்டு கிலோ.

படைத்தலைவர் டெஸ் மட்டும் அதைப் பார்த்துவிட்டார். "தேறலேன்னா நிலையத்துல இருந்துக்கோ, குவெண்டா. சாண்ட்விச் போட ஆள் வேணுமே," என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவளுக்கு அது நெஞ்சில் தைத்தது. நீண்டகாலப் பணிக்காகக் கிடைத்த விடுப்பிலிருந்து ஒரு வாரம் எடுத்து, கடற்கரைக்குப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு, கோல்டு கோஸ்ட் கடற்கரை நகரத்துக்குப் பின்னாலுள்ள இந்த மலைக்கு வந்திருந்தாள்.

இரவு உணவாக ஒரு கிண்ணம் பூசணி சூப்பும் உள்ளங்கை அகலத்துக்கு மீனும் வந்தன.

"இது சாப்பாடா, சாப்பாட்டோட போட்டோவா?" என்று லூப்பே தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குவெண்டா கரண்டி பிடிப்பதைக் கவனித்தாள். "கை நடுங்குதே உனக்கு."

"குளிரு."

"ஹீட்டர் உன் முதுகுக்குப் பின்னாடிதான்டி இருக்கு."

"சூப்பைக் குடி, ஆறிடும்."

"நீ செத்தாக்கூட நாலுன்னுதான் சொல்லுவே. உன் சவப்பெட்டியை மூடறப்போ உள்ளேர்ந்து 'மோசமில்ல'ன்னு சத்தம் வரும்."

குவெண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் விலா வலித்தது.

புதன்கிழமை நாலு என்றாள். பை பதினாலு கிலோ ஆனது. வியாழக்கிழமை நாலு என்றாள், பதினெட்டு ஆனது. கூட்டத்தில் வேறு யாருடைய பையும் பத்து கிலோவைத் தாண்டவில்லை. முப்பது வயதுக்காரர்கள் அவள் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விசில் அடித்தார்கள். அன்று மாலை படுக்கையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றக் குனிய முடியவில்லை. லூப்பேதான் கழற்றிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மலை உச்சிவரை ஏற வேண்டும். பதினெட்டு கிலோவுடன் உச்சியைத் தொட்டுவிட்டால் சமதரையில் இருபது ஒரு பொருட்டா? குவெண்டா அப்படித்தான் கணக்குப் போட்டாள். யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே பாதை செங்குத்தாக ஏறியது. மூன்றாவது வளைவில் விரல் நுனிகள் மரத்துப்போயின. பறவைச் சத்தம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. பார்வையின் ஓரங்கள் கறுக்கத் தொடங்கின.

இது என்னவென்று அவளுக்குத் தெரியும். மூன்று வருடம் முன் ஜனவரிக் கோடையில் பிடித்த ஒரு தீயில், அதே படையில் இருந்த கிளைவ் அவளுக்கு முன்னால் குழாய் பிடித்து நின்றான். முகம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. கேட்டபோதெல்லாம் "நல்லாத்தான் இருக்கேன்" என்றான். பிறகு விழுந்தான். அவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அந்த இரண்டு பேரில் ஒருத்தி குவெண்டா. குழாய் ஆளில்லாமல் தரையில் துள்ளியது. தீ வேலியைத் தாண்டி ஒரு குடும்பத்தின் வைக்கோல் கொட்டகையை முழுதாகத் தின்றது. கிளைவ் பிழைத்துக்கொண்டான். அவன்மேல் இருந்த கோபம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

அவனை மன்னிக்காத நான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன்? இந்த நாலு யாருக்காக?

"ஒன்பது," என்றாள்.

முன்னால் போன பெட்ரா திரும்பினாள். "என்ன சொன்னே?"

"ஒன்பது. நிக்காம போனா பத்து." குவெண்டா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமையே எட்டுதான். நான் பொய் சொன்னேன்."

பெட்ரா ஓடிவந்து பையைக் கழற்றி, அவளை உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினாள். லூப்பே தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவளும் அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

"இவ்வளவு தூரம் எப்படி வந்தே?" என்று பெட்ரா கோபமாகத்தான் கேட்டாள். "நீ உண்மையைச் சொன்னாத்தானே உன்னால எவ்வளவு முடியும்னு நான் கண்டுபிடிக்க முடியும்!"

"அப்போ கண்டுபிடி," என்றாள் குவெண்டா.

அன்று முழுக்க ஓய்வு. இதயத்துடிப்பைப் படமெடுத்துப் பார்த்த மருத்துவர் பயப்பட ஒன்றுமில்லை, அளவோடு நடக்கலாம் என்றார். சனியும் ஞாயிறும் சமதரையில் கிலோ கிலோவாகக் கூட்டி நடந்து பார்த்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் குவெண்டா உண்மையான எண்ணைச் சொன்னாள். முதலில் வாய் கூசியது, பிறகு பழகியது. பதின்மூன்று கிலோவரை ஆறு. பதினாலைத் தாண்டினால் இடது முழங்காலும் மூச்சும் சேர்ந்து கைவிட்டன. பதின்மூன்றோடு அவளால் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே நடக்க முடிந்தது. கூட வந்த லூப்பேதான் பாதியில் பாறை தேடினாள்.

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தன் எல்லை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கைவைத்துக் காட்டலாம் போலத் தெரிந்தது. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

டெஸ்ஸுக்குப் போன் செய்தாள்.

"கடற்கரை எப்படி இருக்கு?"

"கடற்கரை இல்ல, டெஸ். உடம்பு இளைக்கிற இடம். கேளு, இருபது கிலோ என்னால ஆகாது. இந்த வருஷம் இல்ல, அடுத்த வருஷமும் இல்ல."

"அப்போ?" என்றார் டெஸ்.

"நடுத்தரத் தேர்வுன்னு ஒண்ணு இருக்கே," என்றாள். "பதினோரு கிலோ, மூணு கிலோமீட்டர், அரை மணி. அதுல தேறினா வண்டி ஓட்டலாம், பம்ப் பாத்துக்கலாம். குழாய் முனைக்கு வேற ஆளைப் போடு."

"அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே, குவெண்டா."

"நான் கேக்குறேன்."

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை வாரிங்கல் கால்பந்து மைதானத்தில் இரண்டு மேசைகள் போட்டிருந்தார்கள். இருபது கிலோ மேசைக்கு முன்னால் ஒன்பது பேர் நின்றார்கள். நடுத்தர மேசைக்கு முன்னால் யாரும் இல்லை. குவெண்டா புல்லைக் கடந்து நேராக அங்கே போனாள். சிலர் வழக்கம்போல் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"டக்வெல், குவெண்டா. நடுத்தரம்," என்று மைதானத்துக்கே கேட்கும்படி சொன்னாள். பதினோரு கிலோ எடை வைத்துத் தைத்த அங்கியை மாட்டினாள். இடுப்புப் பட்டை ஜூனில் எட்டாத துளையில் எட்டியது.

பின்னால் புல்லில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு வருடமாக முதுகுவலியை யாரிடமும் சொல்லாமல் திரிந்த பெவன், மற்ற வரிசையை விட்டுவிட்டு வந்து அவளுக்குப் பின்னால் நின்றார். முகம் சிவந்திருந்தது. அவருக்குப் பின்னால் கிளைவ்.

"என்ன பாக்குறே?" என்றான் கிளைவ்.

"ஒண்ணுமில்ல. இடிக்காம வா," என்றாள் குவெண்டா. "வேகமா நடப்பேன்."

விசில் ஒலித்தது. அவள் நடந்தாள்.