அவித்த விதைநெல்

யுத்த காலம். வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். வவுனியாப் பக்கத்துச் சிறு விவசாயிகளைப் புதிய நெல்லினங்களுக்கு மாற்றுவது என் உத்தியோகம். கொழும்பில் மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு வவுனியா வயலை மாற்றுகிற உத்தியோகம்! கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.

அந்த வருடம் ஒரேயொரு அண்ணையைத்தான் மாற்ற முடிந்தது. குளத்துக்குக் கீழே அவருக்கு அரை ஏக்கர் வயல். அவருடைய பழைய நெல் விளைய நாலரை மாதம் எடுக்கும். குளம் அதற்கு முன்பே வற்றிவிடும். இரண்டு வருடமாகக் கதிரோடு கருகிப் போயிருந்தது. மூன்று மாதத்தில் விளையும் இனம் இருக்கிறது என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, மனிசனின் பிராணனை வாங்கித்தான் சம்மதிக்க வைத்தேன். விதைநெல்லைக் கொண்டுபோக அவரே பொலிஸ் அனுமதி எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கினார்.

ஒருகொடவத்தையில் லொறியால் இறங்கிய மூட்டையை நான் ஓட்டோவில் ஏற்றி வந்தேன். மூன்று இடத்தில் மறித்தார்கள். ஒரு சிப்பாய் கம்பியால் மூட்டையைக் குத்தி, "மொனவத மே?" என்றான், இது என்ன என்று. "பித்தர வீ, மல்லி," என்று சிங்களத்தில் சொன்னேன், விதைநெல் தம்பி என்று. அடுத்த இடத்திலும் சொன்னேன். அதற்கடுத்த இடத்திலும் சொன்னேன். வீட்டுக்கார அன்ரிக்கு மட்டும் சொல்லவில்லை. மூட்டையை அறை வாசலில் போட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிட்டேன்.

அன்ரி யாழ்ப்பாணத்து ஆள். வீட்டுக்கு நெல் வந்தால் அது சோற்றுக்குத்தான். ஊறவைத்து அவித்துப் புழுங்கலாக்க வேண்டும். மூன்றாம் நாள் அண்ணையைக் கூட்டிக்கொண்டு படியேறுகிறேன், நெல் அவித்த வாசம் மூக்கில் அடிக்கிறது. மொட்டைமாடியில் பாயெல்லாம் நெல். பக்கத்தில் காகம் கலைத்துக்கொண்டு அன்ரி.

"உனக்கெங்க பிள்ளை நேரம்? வண்டு விழப்போகுது எண்டு நானே அவிச்சுப் போட்டன்."

"ஐயோ அன்ரி, அது விதைநெல்லெல்லோ!" என்று கத்திவிட்டேன். கத்தின கையோடு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று நாளாக வாய் திறக்காதவள் நான். அன்ரி முகத்தைப் பொத்திக்கொண்டு பாயிலேயே இருந்துவிட்டா.

அண்ணை குனிந்து ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் அவிச்சிருக்கிறியள் அக்கா. அழாதேங்கோ."

"உங்கட பழைய விதை வீட்டில இருக்குத்தானே அண்ணை?"

"இல்லை மிஸ். இது வருதெண்டு அதைத் தங்கச்சிக்குக் குடுத்திட்டு வந்தனான்."

வவுனியாவில் மழை தொடங்கிவிட்டது. இன்னொரு மூட்டை வந்துசேர ஒரு மாதமாகும், அதற்குள் விதைப்புக் காலம் முடிந்துவிடும். அவருடைய அனுமதியோ மறுநாளோடு சரி.

"பாதியையாவது திருப்பிக் கேக்கத்தான் வேணும்," என்றார். "வயல் காய்ஞ்சாலும் பொறுக்கலாம் மிஸ். குடுத்த விதையை எந்த முகத்தோட கேக்கிறது? அண்ணன் மனம் மாறிட்டான் எண்டெல்லோ நினைப்பாள்."

"நான் அவவுக்கு ஒரு கடிதம் எழுதித் தரட்டே?"

"ஓம், தாங்கோ."

படியில் இருந்தே எழுதினேன். அதுவரை எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். விவசாயிக்கு விளங்கவில்லை, விவசாயி ஒத்துழைக்கவில்லை என்றுதான் எல்லாவற்றிலும் இருக்கும். பிழை முழுக்க என்னுடையது என்று எழுதிக் கையெழுத்து வைத்தது அந்த ஒரு துண்டில்தான். அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மடித்து, அடையாள அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.