கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம்

பிள்ளைகளா, சின்னவன் பிறந்தபோது உங்கம்மாவுக்கு நிறைய ரத்தம் போய்விட்டது. அவளுடைய ரத்த வகை ஆஸ்பத்திரியில் கையிருப்பு இல்லை. சாத்தாங்காடு இரும்பு யார்டில் என்னோடு சுமை தூக்கும் தோஸ்து ஒருத்தனுக்கு அதே வகை. கேட்டதும் ஓடிவந்தான்.

"சமீபத்துல ஜுரம் வந்துச்சா?" என்று ரத்தம் எடுப்பவர் கேட்டார்.

"இல்லீங்க."

அவன் பொய் சொல்லவில்லை. எங்கள் யார்டில் வேலைக்கு வராமல் படுத்தால்தான் ஜுரம். குளிர் வந்தால் மாத்திரை போட்டு, கோணியைப் போர்த்திக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப இரும்பு தூக்குகிறவனுக்கு அது ஜுரமே இல்லை.

ரத்தம் ஏறியதும் உங்கம்மா முகம் தெளிந்தது. சில நாள் கழித்து உடம்பைத் தூக்கிப் போடுகிற குளிர் வந்தது. அப்புறம் அனல், அப்புறம் வேர்வை. தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்ததோ என்று ஊசி மேல் ஊசி போட்டார்கள். அடங்கவில்லை.

பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். கம்பிக் கதவில் பூட்டு. உள்ளே அவள் நடுங்க நடுங்கக் கட்டில் கிடுகிடுவென்று ஆடும் சத்தம் வெளியே கேட்கும். உள்ளே போகவும் முடியாது, வீட்டுக்குப் போகவும் கால் வராது.

"கம்பிய வுடுய்யா. நீ புடிச்சுகினு நின்னா ஜுரம் எறங்கிடுமா?" என்றாள் வார்டு ஆயாம்மா.

ஒரு மத்தியானம் தோஸ்து பார்க்க வந்தான். வெளியே ரோடு கொதிக்கிறது, அவன் மேலே போர்வை. பல் தந்தியடிக்கிறது.

"இன்னா மாமு, இந்த வெயில்ல குளிருதா?"

"அட, வரும் போவும். மழைக்காலத்துல வந்த மலேரியா. மாத்திர போட்டா ஓடிடும். தங்கச்சிக்கு எப்டி கீது?"

அவன் ரத்தம்தானே அவளுக்குள் ஓடுகிறது. கூப்பிட்டதும் கை நீட்டியவனிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி விடுவது?

"உள்ளயும் இதே குளிர்தான்டா" என்றேன்.

கட்டில் ஆடுவது அவனுக்கும் கேட்டது. சட்டென்று கதவைப் படபடவென்று தட்டினான்.

"டாக்டரம்மா! அவங்களுக்கு ரத்தம் குடுத்தது நான்தான். எனக்கு மலேரியா கீது. ரெண்டு பேரையும் குத்திப் பாருங்க!"

இரண்டு பேர் ரத்தத்திலும் மலேரியா. கிருமி கொஞ்சமாக இருந்தால் ரத்தம் எடுத்தபோது செய்த பரிசோதனையில் தப்பிவிடுமாம். கொசு கடிக்காமலே, ரத்தத்தோடு அவளுக்குள் போயிருக்கிறது. மருந்தை மாற்றினார்கள்.

யாருக்காவது ரத்தம் கொடுக்கப் போனால், மாத்திரையில் ஓடிப்போன குளிரையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கட்டில் சத்தம் நின்ற அன்றும் கதவு பூட்டித்தான் இருந்தது. "இன்னா ஆச்சு?" என்று கத்தினேன். ஆயாம்மா சின்னவனோடு கம்பி ஓரம் வந்தாள்.

"கத்தாதய்யா. இவங்கம்மா இப்பதான் தூங்குது."