கார்டில் அழியாமல் கிடந்த சாயங்காலம்

என் வீட்டுக்காரர் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறார். இருட்டு விலகும் முன்பே கிளம்பி, முந்தல் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் கேரளப் பக்கம் இருக்கிற ஒரு தோட்டத்தில் காய் எடுக்கிற பெண்களை இறக்கிவிடுவார். சாயங்காலம் அவர்களையே ஏற்றிக்கொண்டு இறங்குவார். அந்தப் பெண்களில் ஒருத்தி என் கூடப்பிறந்த அக்கா. அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். நான் மலை ஏறுவதில்லை. ஊருக்குள் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் யூகேஜி பிள்ளைகளுக்கு டீச்சர்.

மேலே பூப்பாறைப் பக்கம் ஒருமுறை பைக்கில் வந்தவன் தானாக வந்து இடித்துவிட்டு, ஜீப்காரன்தான் இடித்தான் என்று கூட்டம் கூட்டிவிட்டான். அதற்குப் பிறகுதான் முன்கண்ணாடியில் கேமரா மாட்டினார். ரோட்டையும் படம் பிடிக்கும், வண்டிக்குள் பேசுகிற சத்தமும் அதில் விழும். மாட்டிக்கொடுத்த கடைக்காரர், "கார்டு நெறைஞ்சா பழசு தானா அழிஞ்சிரும்ணே, நீங்க தொடவே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினாராம். அதை இவர் அப்படியே நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"ஏப்பா, இந்தக் கேமரா ரெண்டு நாளா கீ கீன்னு கத்திக்கிட்டே வருது. கார்டு ஃபுல்லுங்குது. உன் போன்ல போட்டு என்னன்னு பாரேன்" என்றவர், துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

எனக்கு இது புது வேலை இல்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாப் பாட்டெல்லாம் பென்டிரைவில்தான் வரும். அதை போனில் போட்டுக் கேட்க ஒரு குட்டி ஓடிஜி கனெக்டரும், நகம் அளவு கார்டைச் செருகுகிற ரீடரும் கைப்பையில் எப்போதும் கிடக்கும். ரீடரில் கார்டைப் போட்டு, கனெக்டரில் மாட்டி, போனில் செருகினேன். ஒன்றும் வரவில்லை. என் போனில் ஓடிஜியை செட்டிங்ஸில் போய் நாமே ஆன் செய்ய வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் அதுவாகவே ஆஃப் ஆகிவிடும். ஆன் செய்ததும் மேலே யூஎஸ்பி என்று ஒரு சின்னப் படம் வந்தது. ஃபைல் மேனேஜரைத் திறந்தேன்.

உள்ளே இரண்டு ஃபோல்டர். ஒன்றில் நேற்று முந்தாநாள் வீடியோக்கள். கடைக்காரர் சொன்னது அதைத்தான். அதில் பழசு தானாகவே அழிந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் ஈவென்ட் என்று பேர். அதைத் திறந்தால் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் பார்த்ததும் புரிந்துவிட்டது. வண்டி எங்கேயாவது தூக்கிப் போட்டால், விபத்து என்று நினைத்து கேமரா அந்த வீடியோவைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. பூட்டினதை அது அழிப்பதில்லை. நம் மலை ரோட்டில் தூக்கிப் போடாத இடம் எது? எல்லாப் பள்ளத்தையும் விபத்தாக எண்ணிச் சேர்த்து வைத்து, இப்போது இடமில்லை என்று கத்துகிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. மொத்தமாக அழித்துவிடலாம் என்றுதான் விரலைக் கொண்டுபோனேன். அப்புறம், மூடுபனியாக மஞ்சு இறங்கி நிற்கிற மாதிரி ஒரு வீடியோ இருந்தால் என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்று தோன்றியது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒரு பள்ளம். ஒரு வேகத்தடை. குறுக்கே வந்த மாடு. நாலைந்து பார்த்த பிறகு, சாம்பல் நிறமாக மஞ்சு மூடிய ஒரு வீடியோ வந்தது. நல்லதாகப் போயிற்று என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. மழை விட்டு ரோடு மினுமினுத்தது. பின்னால் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள், வீட்டுக்குப் போய்த் தோசைக்கு மாவு இருக்கிறதா இல்லையா என்று. ஒரு வளைவு திரும்பியதும் இவருடைய மூச்சு கேட்டது. காலால் எதையோ திரும்பத் திரும்ப மிதிக்கிற சத்தம். அதற்கு மேலாக என் அக்காவின் குரல், சாதாரணமாக:

"தம்பி, கொஞ்சம் மெதுவாப் போங்க."

கியர் கரகரவென்று அலறியது. வண்டியின் வேகம் கூடியது. அப்புறம் இவர் குரல்.

"பிரேக் போயிருச்சு. எல்லாரும் கம்பியப் புடிங்க."

மலை ஏறி வருகிற ஒரு லாரியின் வெளிச்சம் மஞ்சுக்குள் மங்கலாகத் தெரிந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹாரன். பெண்களின் கூச்சல். படம் ஒரே வெட்டாக மலைப்பக்கம் திரும்பியது. பாறை கண்ணாடிக்கு நேரே வந்தது. தகரம் கிழிகிற சத்தம் நீளமாக, விடாமல். பிறகு ஒரு மோதல். படம் சாய்ந்து நின்றுவிட்டது. கண்ணாடியில் பெரணிச் செடி ஒட்டிக்கொண்டிருந்தது. வேறொன்றும் தெரியவில்லை. யாரும் பேசவில்லை.

அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இவர் பத்தடியில் குளித்துக்கொண்டிருக்கிறார், தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கிறது. காலையில்தான் அக்கா வந்து கறிவேப்பிலை வாங்கிப் போனாள். அப்படியும் யாராவது பேசுங்கள், யாராவது பேசுங்கள் என்று போனைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் இருக்கீகளா?" அக்காதான் முதலில் பேசினாள்.

ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அதைக் கேட்டு இன்னொருத்தி. வெளியே இருந்து லாரிக்காரரின் மலையாளக் குரல், "எந்து பற்றி சேட்டா?" என்று, என்ன ஆச்சு எனக் கேட்டது. கதவு திறந்து மூடியது. இவர் இறங்கியிருக்க வேண்டும். கொஞ்ச தூரத்தில் யாரோ வாந்தி எடுக்கிற சத்தம். வண்டிக்குள் பெண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"ஆத்தாடி, என் பிள்ளைகளுக்கு யாரு இருக்கா? நான் இனிமே இந்த வண்டியில ஏற மாட்டேன்."

"சும்மா இரு. அந்தாளு காதுல விழுந்திரப் போவுது. கதவத் தொறந்து குதிச்சிருந்தா அவரு பொழச்சிருப்பாரு. நாமதான் போயிருப்போம். குதிக்கல பாத்தியா."

மறுபடியும் அக்கா. "இங்க பாருங்க, ஊருக்குள்ள யாரும் வாயத் தொறக்கக் கூடாது. என் தங்கச்சிக்குத் தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

அதோடு வீடியோ முடிந்தது.

மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிற நாள். ஆண்டு விழாவுக்கு முந்தின நாள். பிள்ளைகளுக்குப் பட்டாம்பூச்சி இறக்கை செய்வதற்காக வீடு முழுக்க சார்ட் அட்டையைப் பரப்பி வைத்திருந்தேன். இவர் பிந்தித்தான் வந்தார். வண்டியை சர்வீசுக்கு விட்டிருக்கிறேன், ரெண்டு நாளைக்குச் சோலி இல்லை என்றார். சாப்பிட்டார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தரிக்கோலை வாங்கி, நான் பென்சிலால் போட்ட கோடு பிசகாமல் இறக்கை இறக்கையாக வெட்டிக் கொடுத்தார். ஒன்றைத் தன் தோளில் வைத்துப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தார். அந்தக் கையா? பாறையில் வண்டியைத் தேய்த்து நிறுத்திவிட்டு வந்த கையா அது? என்னால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துப் பார்க்கவே முடியவில்லை.

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "என்னாச்சு? சரியாயிருச்சா?"

போனைத் திருப்பி மறுபடியும் ஓடவிட்டேன். மஞ்சு மூடின ரோட்டைப் பார்த்ததும் துவட்டின கை நின்றது. அவர் கேட்ட முதல் வார்த்தை, "இது அழியலையா?"

அதைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. அவர் என் கையிலிருந்து போனை வாங்கி, கட்டிலில் உட்கார்ந்து, கடைசிவரை பார்த்தார். தான் இறங்கிப் போன பிறகு பெண்கள் பேசிக்கொண்டதை அவர் அன்றுதான் கேட்கிறார். இனி ஏற மாட்டேன் என்று சொன்னவளின் குரல் வந்ததும் அவர் முகம் மாறியது.

"அவ தங்கச்சிக்குப் பிரசவம்னு சொல்லித்தான வேலைய விட்டு நின்னா…" என்றார்.

பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"குதிச்சிருந்தா பொழச்சிருப்பாருன்னு சொல்லுதுல்ல இன்னொரு பொம்பள. எனக்கும் அது தோணுச்சு."

"எது?"

"குதிக்கணும்னு. கை கதவுப் பிடிக்குப் போயிருச்சு. நானாக் கொண்டுபோகல, தானாப் போச்சு."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக் போனதைக் கேட்டபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை.

"அப்புறம்?"

"மதினி பேசுச்சு. மெதுவாப் போங்க தம்பின்னுச்சு. அதுக்கு ஒண்ணும் தெரியாது, எப்பயும் சொல்றதுதான். அந்தக் குரலக் கேட்டதும் கைய எடுத்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். வேலையை விட்டு நின்ற அந்தப் பெண் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

நான் கனெக்டரோடு தொங்குகிற போனைக் கையில் பிடித்தபடியே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வீடியோவைக் காட்டினேன். தன் குரலைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இதெல்லாமா அதுல விழுந்திருக்கு?"

"ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல? தினமும் வந்து போறியே, என் மொகத்தப் பாத்துக்கிட்டு எப்படி இருந்த?"

"சொன்னா நீ அவர ஜீப்ப விடச் சொல்வ. சொல்ல மாட்டியா?"

"சொல்வேன்."

"அப்புறம் நீங்க என்ன திங்கிறது? நான் எதுல ஏறிப் போறது?"

"வண்டி ரெடியானதும் நீ மறுபடி அதுலயே ஏறினியே, அது எப்படி?"

"மெக்கானிக்கு அடியிலிருந்து அம்புட்டும் புதுசா மாத்தியிருந்தாரு. அதவிட நல்ல பிரேக் இருக்கிற வண்டி போடியில வேற எது?" என்றாள். அப்படிச் சொன்னவள்தான் சற்று நேரத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "மொத நாள் ஏறவே பயமா இருந்துச்சுடி. உன் வீட்டுக்காரர் மொகத்தப் பாத்தேன். நான் ஏறலேன்னா ஒருத்தியும் ஏற மாட்டான்னு தெரிஞ்சுச்சு. ஏறிட்டேன்."

கதவுப் பிடியில் கை போனதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டியது அவர், நான் இல்லை என்று பட்டது. அவர் சொன்னாரா என்று இன்றுவரை கேட்டதும் இல்லை.

அன்று இருட்டுகிற நேரத்துக்கு அவர் திரும்பி வந்தார். அந்தப் பெண் இப்போது ஊருக்குள் ஒரு ஏலக்காய் குடோனில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறாளாம். "கோவமெல்லாம் இல்லைண்ணே. அந்த வளைவ நெனச்சாலே காலு மேல ஏற மாட்டேங்குது" என்று சொல்லி, டீ போட்டுக் கொடுத்தாளாம். அதைச் சொல்லும்போது இவருக்குக் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது.

"அத அழிச்சிரு" என்றார்.

மற்ற எல்லாவற்றையும் அழித்தேன். அதை மட்டும் என் போனுக்கு மாற்றிக்கொண்டு, கார்டில் இருந்ததை அழித்தேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். எதற்கு வைத்திருக்கிறேன் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒருமுறையும் திறந்ததில்லை.

ஜீப்பை விடச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. விடச் சொல்கிற உரிமை என் ஒருத்திக்கு மட்டும் இருப்பதாகத் தோன்றவில்லை. இனிமேல் வண்டிக்கு ஒன்று ஆனால் முதலில் எனக்குத்தான் தெரிய வேண்டும் என்று மட்டும் சொன்னேன். இப்போது சாயங்காலம் வந்ததும் அவரே சொல்கிறார். டயர் வழுக்கினதையும் சொல்கிறார், கிளட்ச் வயர் இழுப்பதையும் சொல்கிறார். சில நாள் கேட்கவே பயமாக இருக்கிறது.

அரைப் பரீட்சை லீவில் ஒரு நாள் நானும் அவர்களோடு மலை ஏறினேன். முன் சீட்டில் உட்கார்ந்தேன். தோட்டத்தில் ஏலச்செடிகளுக்கு நடுவே அக்கா காய் எடுப்பதைப் பார்த்தேன், அவர்களோடு சாப்பிட்டேன். சாயங்காலம் இறங்கும்போது பின்னால் ஒரே பேச்சு. யாரோ ஒருத்தியின் நாத்தனாரைப் பற்றி எல்லாரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வளைவு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. ஒருத்தியும் பேசவில்லை. இவர் கியரைக் குறைத்து, பிரேக்கை ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மலைப்பக்கப் பாறையில் எங்கள் ஜீப்பின் பச்சைப் பெயிண்ட் ஒரு கோடாக ஒட்டியிருந்தது. வளைவு முடிந்ததும் நாத்தனார் கதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

முந்தலில் டீக்கு நிறுத்தியபோது அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். "தினமும் அங்க வந்ததும் இப்படித்தான் எல்லாரும் வாய மூடிக்கிருவீகளா?"

"எங்க?" என்றாள் அக்கா. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை.