தம்பிக்கு நெய்ச்சோறு, எனக்குச் சப்பாத்தி

எங்கள் வீட்டில் ஒருவருடைய உடல்நலத்தைத் தெரிந்துகொள்ள மருத்துவர் தேவைப்பட்டதில்லை. பெரியம்மா ஒரு பார்வை பார்த்தால் போதும். தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே குடியிருந்த அவர், செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பைச் சொல்லிவிடுவார். எனக்குப் பத்து வயதானபோது வந்த தீர்ப்பு இது: பெண் பெருத்துக்கொண்டே போகிறாள், பையன் இளைத்துக்கொண்டே போகிறான், அவள் வாயைக் கட்டு, இவனுக்கு ஊட்டு. அம்மா தன் அக்காவின் பேச்சைத் தட்டியதே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அன்றிலிருந்து இரவில் எனக்கு எண்ணெய் காட்டாத சப்பாத்தி. என்னைவிட மூன்று வயது சின்னவனான தம்பிக்கு நெய்ச்சோறு, பொரித்த கோழி, அதன்மேல் ஒரு முட்டை. ஒரே மேசையில், எதிரெதிரே உட்காரவைத்து இந்தக் கொடுமை நடந்தது. பள்ளிக்கூடத்திலாவது நிம்மதி உண்டா என்றால், அங்கே எடை பார்த்துவிட்டு என்னைப் போன்ற சிலரை இடைவேளையில் கயிறு தாண்ட வைத்தார்கள். கேண்டீனிலிருந்து மீ கோரெங் வாசனை வரும், நாங்கள் தாண்டிக்கொண்டிருப்போம். நான் அப்படியொன்றும் அள்ளிக் கொட்டிக்கொண்டவள் இல்லை. இதை யாரிடம் சொல்வது?

தம்பிதான் அள்ளிக் கொட்டிக்கொண்டான். தன் தட்டைக் காலி செய்துவிட்டு என் சப்பாத்தியிலும் கை வைப்பான். குளிர்பதனப் பெட்டியிலிருந்த தண்ணீர்க் கூஜாவை நின்ற இடத்திலேயே குடித்து முடிப்பான். பள்ளிக்கு நான் நிரப்பி வைத்த போத்தல்கூடக் காலையில் வெறுமையாக இருக்கும். ஓயாமல் கழிப்பறைக்கு ஓடினான். போதாக்குறைக்கு, எப்போதோ விட்டிருந்த படுக்கை நனைக்கும் பழக்கமும் திரும்பி வந்தது. நான் ஒவ்வொன்றையும் அம்மாவிடம் புகாராகக் கொண்டுபோனேன்.

"சாப்பிடுற பிள்ளைய அப்படிப் பாத்துக்கிட்டே இருக்காதடி" என்பார் அம்மா. தண்ணீர் குடிப்பதற்கு வெயில் காரணமாம். படுக்கை நனைவதற்குக் கெட்ட கனவு காரணமாம். அவன் எதைச் செய்தாலும் ஒரு காரணம் தயாராக இருந்தது. நான் குண்டாக இருப்பதற்கு மட்டும் நானேதான் காரணம்.

இவ்வளவு ஊட்டியும் அவன் தேறவில்லை. விலா எலும்பு தெரிந்தது. பெரியம்மா மறுபடியும் ஒரு பார்வை பார்த்தார், இந்த முறை என்னை.

"இவ கண்ணுதான் லா. காய்ஞ்ச சப்பாத்தியத் தின்னுக்கிட்டே அவன் தட்டப் பாக்குறாளே, எப்படி உடம்புல ஒட்டும்?"

உப்பும் மிளகாயும் எடுத்துத் தம்பிக்குச் சுற்றிப்போட்டார்கள். சுற்றும்போது பெரியம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உடம்பு தேறுவதற்கென்று ரோஜாப் பாகும் கட்டிப்பாலும் கலந்த பண்டோங்கை அன்றாடம் பெரிய டம்ளரில் அவனுக்குக் கொடுத்தார்கள். எனக்கு அதில் ஒரு வாய் கிடையாது.

தீபாவளிக்குத் துணி எடுக்கத் தேக்காவுக்குப் போன அன்றுதான் எல்லாம் முற்றியது. காலையிலிருந்தே தம்பி சோர்ந்திருந்தான். கடைக்காரர் அவன் வயதுக்கு எடுத்துக் கொடுத்த கால்சட்டை இடுப்பில் நிற்காமல் தரைக்கு வந்தது. நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கடைவாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். மூச்சு வேகமாக வாங்கியது, கண்கள் செருகின. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு டாக்சியை நோக்கி ஓடினார். நானும் பெரியம்மாவும் பின்னால் ஓடினோம்.

மருத்துவமனையில் அவன் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்ததும், திரைக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். ஓர் இளம் சீன டாக்டர் வெளியே வந்து, பிள்ளை எத்தனை காலமாக இப்படி இருக்கிறான் என்று அம்மாவிடம் கேட்டார். இன்றைக்குத்தான் முடியாமல் போனது, நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை, ஒரு குறையும் இல்லை என்றார் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்குத்தானா? ஜூன் விடுமுறையிலிருந்தே இந்த அக்கிரமம் நடக்கிறது என்று ஆங்கிலத்தில் கத்தினேன். கூஜா, போத்தல், சப்பாத்தி, படுக்கை, எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் என் உயரத்துக்குக் குனிந்து, ஒன்றுவிடாமல் கேட்டார். தண்ணீர் எவ்வளவு குடிப்பான், சட்டை தொளதொளத்ததா என்று திருப்பித் திருப்பி விசாரித்தார். என் வழக்கைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு பெரிய மனிதர் கிடைத்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அவர் அம்மாவிடம் மெதுவாகப் பேசினார். சர்க்கரை நோய். உடம்பில் இன்சுலின் சுரக்கவில்லை. தின்றது எதுவும் உடம்பில் சேராமல் சிறுநீரோடு போயிருக்கிறது. இன்னும் தாமதித்திருந்தால் பிள்ளை தப்பியிருக்க மாட்டான், இப்போதும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

"சின்னப் பிள்ளைக்கு ஏது சக்கரை? அது குண்டா இருக்கிறவங்களுக்குத்தானே வரும்?" என்ற பெரியம்மா, அங்கேயும் என்னைத்தான் பார்த்தார். இதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தம்பி பிழைத்துக்கொண்டான். இப்போது சுவா சூ காங்கில் இருக்கிறான். ஊசி போட்டுக்கொண்டு, என்னைவிட அளவாகச் சாப்பிட்டுக்கொண்டு, எனக்கே புத்தி சொல்கிறான். ஆனால் அவன் பிழைப்பானா என்று யாருக்கும் தெரியாத அந்த நேரத்தில், அம்மா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"நீ சொல்லிக்கிட்டேதானே இருந்த. நான்தான் கேக்கல" என்று அழுதார்.

எனக்கு இழைத்த அநியாயம் ஒருவழியாக அம்மாவுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, பெருந்தன்மையோடு, இனிமேல் எனக்கும் நெய்ச்சோறு உண்டா என்று கேட்டேன். அம்மா இன்னும் பெரிதாக அழுதார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இத்தனை மாதமும் பட்டினி கிடந்தது நான் அல்ல என்பது எனக்கு அப்போது தெரியாது.