காளியம்மா உரக்கப் படித்த கடிதம்

பண்டாரவளைச் சந்தையில் கரட் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மடுல்சீமைப் பக்கம் நான் முன்பள்ளி ஆசிரியையாக இருந்த தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி அருகில் வந்து நின்றாள். "டீச்சர், நம்ம காளியம்மா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. லொறியில ஏத்திக்கிட்டுப் போறப்பவே பாதி ரோட்டுல முடிஞ்சிருச்சு. முந்தாநாளுதான் எடுத்தோம்" என்றாள். "அடக் கடவுளே" என்றேன். பிறகு மிச்சக் கரட்டையும் பொறுக்கி முடித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

கருமாதிக்கு அச்சடிக்கும் தாளுக்குத் தோட்டத்துக்காரர்கள் நீங்கள் என்னிடம் நாலு வரி கேட்டீர்கள். "பொறுமையின் சிகரம்னு போட்டுருங்க டீச்சர்" என்றும் சொல்லி அனுப்பினீர்கள். போட மாட்டேன். காளியம்மாவிடம் பொறுமை மருந்துக்கும் கிடையாது. அவரைப் பொறுமைசாலியாக்கினால் நாம் செய்ததெல்லாம் சின்னதாகிவிடும், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், நாலரை வயது விஜியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முன்பள்ளிக்கு வந்தார். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. நடை தள்ளாடும், எச்சில் வடிந்துகொண்டே இருக்கும். அந்தப் பிள்ளையை எடுத்தால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று மற்றத் தாய்மார் முந்தின நாளே என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. "நீங்களும் தினம் கூடவே உக்காந்து பாத்துக்கிறதா இருந்தா எடுக்கிறேன்" என்றேன். கொழுந்து பறிக்கிறவள் மலையை விட்டுவிட்டு எங்கே வரப்போகிறாள் என்பது என் எண்ணம். மறுநாள், வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டில் கணவர் ராமையா மட்டும்தான் பேர் கொடுத்தார். காளியம்மா ஒரு பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வாசலில் நின்றார்.

சொன்னபடி அந்தத் தாய்மார் பிள்ளைகளை நிறுத்தவில்லை. அதைவிடக் கேவலமாக நடந்துகொண்டார்கள். ஒரு மதியம் ஒருத்தி உள்ளே வந்து, விஜிக்குப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தன் மகனைத் தரதரவென்று இழுத்து அந்தப் பக்கம் உட்கார்த்தினாள். "தொத்திக்கும்" என்றாள். காளியம்மா எழுந்து அந்தப் பக்கம் போனார். விஜிக்கு ஒரு வாய் ஊட்டிய அதே கையால் அந்தப் பையனுக்கும் ஒரு வாய் ஊட்டினார். அவன் சமர்த்தாக விழுங்கினான். "தொத்திக்கிச்சான்னு நாளைக்கு வந்து சொல்லு" என்றார் தாயிடம். அந்தப் பெண் ஒரு வாரம் அழுதாள். காளியம்மா ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை.

என்னையும் விட்டுவைக்கவில்லை. பாட்டில் விஜி பின்தங்கும்போதெல்லாம் நான் நிறுத்திக்கொண்டு பரிதாபமாகப் பார்ப்பேன். "நீங்க பாட்டுக்குப் பாடுங்க டீச்சர். எம்புள்ள பின்னாடி வரும். நீங்க நின்னு பாத்தாத்தான் அவளுக்குத் தொண்ட அடைக்குது" என்பார்.

இரண்டாம் ஆண்டில் முப்பது பிள்ளைகளுக்கும் மூக்குத் துடைப்பது அவர், சண்டை விலக்குவது அவர், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்தது என்று அறிந்தவர் அவர். நான் கதிரையில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். வெள்ளிக்கிழமைகளில் நேரத்தோடு ஹல்துமுல்லைக்கு வீட்டுக்குப் போனேன். பதுளையிலிருந்து வந்த அதிகாரிகள் 'பெற்றோர் பங்களிப்பு மிகச் சிறப்பு' என்று புத்தகத்தில் எழுதி என்னைப் பாராட்டினார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குள் விஜி தானாகச் சாப்பிட்டாள், வெளியே போக வேண்டுமென்றால் கை காட்டினாள், தன் பெயரைச் சொன்னாள். முதலாம் ஆண்டில் சேர்க்கும் வயதும் வந்தது. காளியம்மாவுக்கு இருந்தது அந்த ஒரே ஆசை. முன்பள்ளியில் எழுதித் தந்தால் எடுக்கிறேன் என்றார் தோட்டப் பாடசாலை அதிபர். விஜி போனால் தாயும் போய்விடுவார், முப்பது பிள்ளைகளோடு நான் தனியாக மாரடிக்க வேண்டும். அதை நினைத்துத்தான் எழுதினேன்: 'இப்பிள்ளை சாதாரண பாடசாலைக்குப் பொருத்தமற்றவர். மேலும் ஓராண்டு தாயுடன் இங்கிருத்தல் நன்று.' சேர்க்கும்போது கைநாட்டு வைத்தவர்தானே என்று உறைகூட ஒட்டாமல் அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். "ரொம்ப உபகாரம் டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மகளோடு பாயில் இருந்த இரண்டு வருடத்தில் அவரும் எழுத்துக் கற்றிருந்தார். எனக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை அவர் பாயில் உட்காரவில்லை. நான் பாடம் சொல்லும் இடத்தில் நின்று, விரலை எழுத்தின் கீழ் வைத்து, கூட்டிக்கூட்டிப் படித்தார். அங்கே நின்று யார் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லித்தான் பிள்ளைகளுக்குப் பழக்கம். "இப் பிள்ளை" என்றார். "இப் பிள்ளை" என்றன முப்பது குரல்களும். "பொருத்தமற்றவர்" என்றார். அதையும் பாடினார்கள். எல்லோரும் முடித்த பிறகு விஜி, எச்சில் வடிய, தன் வாயால் சொன்னாள். அவ்வளவு நீளமான சொல் அதற்கு முன் அவளுக்கு வந்ததில்லை.

"பாத்தீங்களா டீச்சர், முழுசாச் சொல்லிட்டா" என்றார் காளியம்மா. கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று மாலையே அவர்கள் குடியிருந்த லயத்துக்கு ஓடினேன், வேறு கடிதம் தருகிறேன் என்றேன். "உங்க எழுத்து எங்களுக்கு வேணாம்" என்று கதவைச் சாத்திவிட்டார். கடிதம் இல்லாமல் அதிபர் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு வயது கூடிவிட்டது என்றார். விஜி பள்ளிக்கூடம் போகவே இல்லை. தாய் கொழுந்து பறிக்கும் மலையில், மழைக்கு ஒரு ரப்பர் சீட்டைப் போர்த்திக்கொண்டு கல்லில் உட்கார்ந்தே வளர்ந்தாள்.

சாவு தெரிந்த வாரமே லயத்துக்குப் போனேன். விஜிக்கு இப்போது பதினெட்டு வயது. கூட்டுமாற்றை எடுத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. ராமையாவிடம், இனி பகலில் இவளை யார் பார்ப்பது, பண்டாரவளையில் நான் இப்போது நடத்தும் முன்பள்ளிக்கு அனுப்புங்கள், உதவிக்கு வைத்துக்கொள்கிறேன் என்றேன். நல்லது செய்கிற நினைப்பில்தான் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அவ அம்மாவ ரெண்டு வருசம் ஒதவிக்கு வச்சிக்கிட்டீங்க. போதும் டீச்சர்" என்றார்.

காளியம்மாவின் நினைவாக உங்களிடம் என்னென்னவோ இருக்கும். என்னிடம் இருப்பது அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட அந்த இரண்டு வருடம். அது விஜியுடையது.