எட்டை ஒன்பதாக்கிய என் மாமனார்

என் மாமனாருக்கு எட்டு என்றால் ஆகாது. எனக்கு என் மாமனார் என்றால் ஆகாது.

எங்கள் விசைப்படகுக்குப் புதிதாகக் கிடைத்த பதிவு எண் 526526. கணக்கு டீச்சரான எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. எந்த மூன்று இலக்கத்தையும் அப்படியே இன்னொரு முறை எழுதினால், வருவது ஆயிரத்தொன்றின் மடங்கு. அதனால் ஏழு, பதினொன்று, பதின்மூன்று ஆகிய மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும். வீட்டில் இதைச் சொன்னபோது மாமனார் விரல்விட்டு இலக்கங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். இருபத்தாறு. இரண்டும் ஆறும் எட்டு.

"சனி நம்பரு. இத்த வச்சிகினு கடலுக்குப் போவ சொல்றியா?"

"ஒம்பதால வகுத்தா மிச்சம் எட்டு வருது மாமா. அவ்ளோதான்."

"படிச்ச திமிரு" என்றார், என் கணவரிடம். கணவர் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் போகிற முதல் கடலுக்குத்தான் மீனும் விலையும். இரண்டு மாதம் சும்மா கிடந்த வீடு அந்த ஒரு நடையை நம்பியிருந்தது. புறப்படும் முன்பு மாமனார் யாரிடமும் சொல்லாமல், படகின் ஓட்டுநர் அறைச் சுவரில் எழுதியிருந்த எண்ணின் கடைசியில் பெயிண்டால் ஒரு ஒன்றைச் சேர்த்துவிட்டார். கூட்டினால் ஒன்பதாம். எங்கள் பக்கம் கடைப் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டிக்கொள்வார்கள். இவர் அரசாங்க எண்ணிலேயே கைவைத்தார். ஆளும் அறிவும். ஒன்பதால் இப்போது வகுபடும்தான். ஆனால் ஏழால் வகுத்தால் மீதி ஒன்று, பதினொன்றால் ஒன்று, பதின்மூன்றால் ஒன்று. இந்த மூன்றில் எதால் வகுத்தாலும் அவர் போட்ட ஒன்றுதான் துருத்திக்கொண்டு நிற்கும்.

கடல் ரோந்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. பதிவுத் தாளில் ஆறு இலக்கம், படகில் ஏழு. எண்ணூருக்கு நேரே மடக்கிக் காசிமேட்டில் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். எண்ணைச் சரிசெய்தால் உடனே விடுவதாக அதிகாரி சொன்னார்.

மாமனார் விடவில்லை. "எட்ட வச்சிகினு ஒருத்தனும் போவக் கூடாது." பக்கத்துப் படகுகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. என் கணவர் என்னிடம் வந்து, "நீ வகுத்துகினே இருந்த பாரு, அதான் இப்டி ஆயிடுச்சு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. பெண்கள் படகில் கால் வைக்கக் கூடாது என்பது குப்பத்து வழக்கம். பெயிண்ட் தின்னரையும் பழந்துணியையும் எடுத்துக்கொண்டு ஏறினேன். எக்கி நின்று, அந்த ஒன்று போகும்வரை தேய்த்தேன்.

"பொம்பள கால் பட்ட போட்டு. உருப்படாது" என்றார் மாமனார்.

அதிகாரி விட்டதும் படகு கிளம்பிப் போய், மறுநாள் வஞ்சிரத்தோடு திரும்பியது. குழம்பில் நடுத்துண்டத்தை மாமனார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு மஞ்சள் தண்ணீர் கரைக்கச் சொன்னார். படகில் நான் நின்ற இடத்தைக் கழுவ வேண்டுமாம். வாளியை என் கணவர் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனார்.