நல்லுசாமியின் தெர்மாகோல் பெட்டி

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிறந்தவர்களில் நல்லுசாமியைப் போல உயிர்களைக் கொன்று குவித்தவர் யாரும் இல்லை. சோழர்கள் நடத்திய போர்களில் விழுந்த தலைகளையெல்லாம் கூட்டினாலும், நல்லுசாமி ஒரு திங்கட்கிழமை காலை டீக்கு முன்பு தீர்த்துக்கட்டியதற்கு ஈடாகாது. இத்தனைக்கும் கையில் வாள் கிடையாது, தோளில் ஒரு ஈரத் துண்டுதான். அவர் கொன்றது ஈஸ்ட்டை.

திருச்சியில் ஒரு கல்லூரியின் மாடி ஆய்வகத்தில் அவர் உதவியாளர். பன்னை உப்ப வைக்கும் ஈஸ்ட்டை லிட்டர் லிட்டராக வளர்ப்பார். மெஷினில் சுழற்றி, அடியில் படிவதை வழித்தெடுப்பார். பொடிப்பொடிக் கண்ணாடி மணிகளோடு சேர்த்துக் குலுக்கி உடைப்பார். சாயங்காலம் திருவானைக்காவல் பஸ்ஸில் ஏறினால் சட்டையில் புளித்த வாடை அடிக்கும். "பொழுது சாயலயே, அதுக்குள்ளயா?" என்று பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்காருவார். நல்லுசாமி சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவர்.

இவ்வளவு கொலையும் யமுனாவுக்காக. யமுனா அங்கே ஆராய்ச்சி மாணவி, ஸ்ரீரங்கத்துப் பெண். ஈஸ்ட்டுக்குள் ஒரு ஜோடி நொதி இருக்கிறது. புதிதாக உருவாகிற புரதத்துக்குச் சர்க்கரை ஒட்டிவிடுவது அதன் வேலை. அது ஒட்டாவிட்டால் ஈஸ்ட்டின் சுவர் நிற்காது. மனித உடம்பிலும் அந்த ஜோடிக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. அங்கே பழுதானால் பிறக்கிற குழந்தைக்குத் தசையில் வலு இருக்காது, கழுத்து நிற்காது. அந்த ஜோடியின் உருவம் எப்படி, சர்க்கரையை எந்தப் பொந்தில் பிடித்து வைத்திருக்கிறது என்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. முதலில் பார்ப்பது தானாக இருக்க வேண்டுமென்று யமுனா நான்கு வருடமாகத் தேய்ந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டும் கைகோத்துக்கிட்டுதான் நிக்கும்ண்ணே. சூடு பட்டா விட்டுடும். விட்டுடுச்சுன்னா ஒண்ணுத்துக்கும் ஆகாது."

"எங்க வீட்டுல சூடு படாமலே விட்டுட்டுப் போயிட்டா பாப்பா" என்பார் நல்லுசாமி. மனைவி பிறந்த வீட்டோடு போய்ப் பதினோரு வருடம். அவர் தங்கை வீட்டில் இருந்தார்.

2019 மே மாதம். இருபது லிட்டர் ஈஸ்ட்டிலிருந்து கடைசியில் மிஞ்சியது அந்த நொதி ஜோடி கரைந்த ஒரு சொட்டு. அதைப் படமெடுக்கும் பெரிய நுண்ணோக்கி பெங்களூரில் இருந்தது. எட்டு மாதம் காத்திருந்து யமுனாவுக்கு ஒரே ஒரு நாள் கிடைத்திருந்தது. இரண்டு ராத்திரி தூங்காதவள் குளித்துக் கிளம்ப வீட்டுக்குப் போனாள். மூன்று மணிக்கு அவள் வீட்டு வாசலில் கார். அதற்குள் அந்தச் சொட்டு இருந்த பெட்டிக்குப் புது ஐஸ் மாற்றிக் கொண்டுவந்து தருவது நல்லுசாமியின் பொறுப்பு.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினார். தெர்மாகோல் பெட்டி மடியில். காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது; முன்னால் லாரி ஏதோ மக்கர். அக்கினி நட்சத்திரம். வெள்ளரிக்காய்க் கூடைக்காரம்மா ஒருத்தி சீட்டிலிருந்து அப்படியே சரிந்தாள். பாட்டில் தண்ணீரெல்லாம் கொதித்துக் கிடந்தது.

"பெட்டில என்னங்க?" என்றார் கண்டக்டர்.

"ஐஸுங்க. ஆனா..."

"குடுங்க சார், உசிரு போவுது!"

நல்லுசாமி மூடியைத் திறந்தார். நடுவில் சுண்டுவிரல் குழாய், அதற்குள் நான்கு வருடம். சுற்றியிருந்த ஐஸை இரண்டு கையாலும் அள்ளி அந்தம்மா தலையில் வைத்தார். அவள் கண்ணைத் திறந்தாள்.

ஸ்ரீரங்கத்தில் யமுனா பெட்டியைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் இருந்தது.

"எவ்வளவு நேரமாண்ணே இப்படி இருக்கு?"

"தெரியலம்மா."

அவள் திட்டவில்லை. ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள். பெங்களூரில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் நொதிகள் தனித்தனியாக உதிர்ந்து கிடந்தன. கைகோத்து நின்றது ஒன்றுகூட இல்லை. இரண்டு மாதத்தில் வெளிநாட்டுக் குழு ஒன்று அதே ஜோடியின் உருவத்தை வெளியிட்டது. யமுனா அதைக் கலரில் பிரிண்ட் எடுத்து வந்து, "பாருங்கண்ணே, இதுதான்" என்று அவர் கையில் கொடுத்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் ஆய்வகத்துக்கு வரவில்லை. இப்போது தில்லை நகரில் டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறாள்.

"ஐஸ் எப்படிய்யா உருகுச்சு?" என்று படங்களைப் பார்த்த அன்றே ஆய்வகப் பேராசிரியர் பாக்கியநாதன் நாலு பேர் முன்னால் கத்தியிருந்தார்.

"என் தப்புதான் சார்" என்றார் நல்லுசாமி. கீழ்த்தளத்தில் பாட்டில் கழுவும் அறைக்கு அவரை மாற்றினார்கள். ஏழு வருடம் அங்கேயே கழுவினார். ஐஸ் போட்ட எதையும் அதற்குப் பிறகு அவர் தொட்டதில்லை, சித்திரை வெயிலில் நன்னாரி சர்பத்தைக்கூட.

வருகிற வெள்ளிக்கிழமை அவருக்குப் பணி ஓய்வு. மேடையில் வாசிக்க இவ்வளவையும் எழுதியது வளவன், தங்கை மகன், பத்தாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். நல்லுசாமி படிக்கச் சொல்லிக் கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அந்தக் கூடைக்காரம்மா எந்த ஸ்டாப்புலடா ஏறுச்சு?"

"மேலச்சிந்தாமணியில மாமா."

"அன்னிக்குப் பாலத்துல ஜாமே இல்லடா. திருவானைக்காவல்ல எறங்கி வீட்டுக்கு வந்தேன். சாப்புட்டுட்டு செத்த சாஞ்சேன். முக்கா மணி நேரம் தூங்கிட்டேன்."

"அத எழுதுனா நல்லாவா மாமா இருக்கும்?"

"பெட்டி மூடியில டேப் ஒட்டியிருந்தேன். எந்திரிச்சுப் பாத்தா டேப்பு கிழிஞ்சு கெடக்கு. வாசல் வரைக்கும் தண்ணித் தடம். நீ எதுத்த வீட்டுப் பய சட்டைக்குள்ள ஐஸப் போட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்கிற."

வளவனுக்கு அப்போது ஒன்பது வயது. பேப்பரை மடித்தான். விரித்தான்.

"ஏன் மாமா யார்கிட்டயும் சொல்லல?"

"கிறுக்குப் பயலே. அந்தம்மாவ எடுத்துடு. நான் தூங்கிட்டேன்னு மட்டும் எழுது. மீதி வேணாம்."